பராக்கு

படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள்.
ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் ஆங்கிலம்.
தமிழில் நானே யோசித்துக்கொள்ள வேண்டும்.

நிம்ஹான்ஸ் கூடத்தில் டோக்கன் நாற்பத்தேழு என் கையில்.
யஷ்வந்த் நாற்காலிகளுக்குக் கீழே
ஆணி எண்ணிக்கொண்டிருக்கிறான்.
ஒரு செருப்பு இங்கே,
இன்னொன்று தண்ணீர்க் குழாய்ப் பக்கம்.

'கவனக்குறைவால் தவறு செய்கிறானா?'
ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, மிக அடிக்கடி.

ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் நான் செக்கர்.
மணிக்குத் தொண்ணூறு சட்டை.
காலர், காஜா, பட்டன், விட்டுப்போன தையல்.
குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
லவீனா மிஸ்ஸும் டைரி முழுக்க ஒட்டித்தான் அனுப்புகிறார்:
சீட்டில் உட்காரவில்லை.
ஜன்னலைப் பார்த்தான்.
ஜன்னலைப் பார்த்தான்.
ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஜன்னல்.
அவரை என்ன சொல்ல.

என் மாமனாரின் அப்பா சம்பங்கி
அல்சூர்ப் பட்டாளத்தில் 'தம்பி'.
வெள்ளைக்காரன் 'அட்டென்ஷன்' என்றால்
குதிகால் ஒட்டும், மூச்சு நிற்கும்,
மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கை எழக்கூடாது.
ஒருநாள் அணியில் நின்றபடி கழுகைப் பார்த்துவிட்டார்.
முதுகில் மூட்டையோடு மைதானம் பன்னிரண்டு சுற்று.
வீட்டில் அது இன்னமும் சிரிப்புக் கதை.
முதுகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது அதே மைதானத்தில் 'சாவ்தான்'.
விடியற்காலையில் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குள் விழும்.
விழுந்ததும் இவன் கட்டிலிலிருந்து குதிப்பான்.
'விஷ்ராம்' வரைக்கும் பொறுக்கமாட்டான்.

அந்தப் பழைய வார்த்தைதான்
பட்டாளத்தை விட்டுக் கிளம்பி
மில் சங்குக்குள் புகுந்து, பள்ளி மணிக்குள் புகுந்து,
டாக்டர் எழுதிய நாலு ஆங்கில எழுத்தில்
முதல் எழுத்தாக விறைத்து நிற்கிறது.

நம் பேச்சில் இதற்கு எத்தனை பெயர்!
வாலு. துறுதுறு. காலில் சக்கரம். அடங்காப்பிடாரி.
ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அடி, இல்லாவிட்டால் ஒரு முத்தம்.
லாரி மோதினால் செய்தித்தாளில் கவனக்குறைவு.
இங்கே சுவரில் யாரோ ஒட்டிய தமிழ்த் தாளில் கவனக்குறைபாடு.
'வு' போய் 'பாடு' வந்திருக்கிறது.
வந்ததும் குற்றம் நோயாகிவிட்டது.
கொஞ்சம் ஆறுதலாக இருந்தது,
பொய் சொல்வானேன்.

அப்பா என்னைத் திட்டிய சொல் வேறு.
பால் வாங்கப் போன இடத்தில் பராக்கு.
உலை பொங்கி அடுப்பு அணையும்வரை பராக்கு.
கூத்தில் ராஜா வரும்போது முன்னால் ஒருவன் கத்துவானே,
'பராக்! பராக்!'
அங்கே அதற்குக் 'கவனி' என்று பொருள்.
ராஜாவைப் பார்த்தால் பராக்.
வேலிமேல் ஓணானைப் பார்த்தால் பராக்கு.

பெண்பிள்ளை
உட்கார்ந்த இடத்திலேயே தொலைந்துபோனால்
எந்த மிஸ்ஸும் டைரியில் எழுதுவதில்லை.
எட்டாவதோடு நின்றேன்.
ஒரு கேள்விகூட இல்லாமல்.

இதையெல்லாம் சொல்லி
மருந்து வேண்டாமென்று எழுந்துபோக முடியவில்லை.
போன மாதம் ஓர் இரவு
தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான்:
'அம்மா, உள்ள எல்லா டிவியும் ஓடுது.
ரிமோட்ட எங்க வெச்ச?'
எந்தச் சரித்திரமும் அதைத் தேடித் தரவில்லை.

பதினொன்றாவது கேள்வியில் பேனா நின்றது.
'கூப்பிட்டால் காதில் விழாதவன்போல் இருக்கிறானா?'

எதிர்ச் சுவரில் ஒரு பல்லி.
மூன்று பூச்சிகளைப் போகவிட்டு
நாலாவதற்குக் காத்திருந்தது.
ஏன் நாலாவது?
மற்ற மூன்றில் என்ன குறை?

துப்பட்டாவை யாரோ இழுத்தார்கள்.
'அம்மா, நாப்பத்தேழு.
மூணு வாட்டி கூப்ட்டாச்சு.'
செருப்பைத் தேடாமலே
முன்னால் ஓடினான்.